கட்டைவிரலுக்கு விடுப்பு

ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகளும் காலியாக இருந்தன.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மாடியில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தைகளின் அழுகை, பெண்களின் பேச்சு, கீழே காதர் அண்ணனின் மசாலாக் கடையிலிருந்து ஏறி வரும் சீரக வாசனை, அதில் யாராவது போடும் தும்மல். அன்று தும்முவதற்குக்கூட ஆள் இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் நான் படகில் குடையைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, ‘மிஸ்ஸி, தொலைப்பதுதான் உங்கள் வேலையா?’ என்று பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம் அம்மா. குடை பரவாயில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு விரலால் ஒரு மாடி நிறைய மனிதர்களைத் தொலைத்தவள் நான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பிலோமினா, அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த நாட்டில் தாதி என்றால் எல்லா இனத்தாருக்கும் ‘மிஸ்ஸி’தான். புக்கிட் மெர்தாஜாமில் வீடு. வாரம் ஒரு நாள் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு வந்து, எங்கள் கோயில்காரர்கள் அகதிகளுக்காக நடத்தும் இலவச மருந்தகத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பர்மாவிலிருந்து படகேறி வந்த ரோஹிங்கியா மக்கள். கிறிஸ்தவர்கள் நடத்தும், முஸ்லிம்கள் வரும் மருந்தகத்துக்கு மாடி கொடுத்தவர் தமிழ் முஸ்லிம் ஒருவர். பினாங்கு இப்படித்தான்.

அந்தக் காதர் அண்ணன் அன்று மரப்படி அதிர மேலே வந்தார். முட்டி வலி உள்ள மனிதர், சாதாரணமாக மாடி ஏறமாட்டார்.

“தங்கச்சி, இத பாரு,” என்று கைப்பேசியை நீட்டினார். “கடையில வேலை செய்யிற ரோஹிங்கியா ஆளு அனுப்பினான். அவங்க பொம்பளைங்க குரூப் முழுக்கப் போயிருச்சாம்.”

படத்தில் மூன்று வயது ருக்கியா இருந்தாள். எனக்குப் பிடித்த குழந்தை. கன்னம் இரண்டும் பன் ரொட்டி மாதிரி. நடு நெற்றியில் காய்ந்து வெளுத்துப்போய், அளவெடுத்துப் போட்டதுபோல் ஒரு சிலுவை.

“இத யாரு வரைஞ்சது?” என்றார் காதர் அண்ணன்.

நான் என் வலது கை கட்டைவிரலைப் பார்த்தேன்.

விரலின் பழைய கதை

எங்கள் வீடுகளில் யாரும் சும்மா வெளியே கிளம்ப முடியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வேலைக்குப் போகிற கணவன், பரீட்சை, பிரயாணம், பல் பிடுங்கப் போவது, எதுவானாலும் வாசலில் நிறுத்தி நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுத்தான் அனுப்புவோம். என் அம்மா எனக்குப் போட்டார். நான் என் பிள்ளைகளுக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் சேவியர் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்த காலம் முழுக்க, காலையில் காடியை, அதாவது காரை, முடுக்குவதற்கு முன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவருக்கும் போட்டேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. மீன் வாங்கப் போனாலும் உண்டு.

“தொப்பி கலையுதும்மா,” என்பார். அதற்கெல்லாம் நான் அசைந்ததில்லை.

மருத்துவமனையிலும் இந்த விரல் சும்மா இருக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன் குழந்தையின் நெற்றியில் லேசாக ஒரு சிலுவை. இரண்டு விநாடி வேலை, யார் கண்ணிலும் படாது. ஒரு சீனப் பாட்டிதான் கண்டுபிடித்தார். அது ஏதோ அதிர்ஷ்டக் குறி என்று நினைத்து, பேரனுக்கு இன்னொன்று போடச் சொன்னார், பிறகு தன் நெற்றியையும் காட்டினார். அன்று அவர் லாட்டரிக் கடைக்குப் போகும் வழியில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது.

மலாய்க் குழந்தைகளுக்கு மட்டும் போட்டதில்லை. முஸ்லிம் குழந்தை நெற்றியில் சிலுவை என்றால் நம் நாட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தைகள் வந்தால் விரலைச் சட்டைப் பைக்குள் அமுக்கி வைத்துக்கொண்டு மனசுக்குள் ஜெபம் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷ வேலையில் ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. பெருமை இருக்கிற இடத்தில்தானே வழுக்கும்.

ரோஸ் நிற மருந்து

ருக்கியாவின் அம்மா நூர் பேகம் எட்டு மாதக் கர்ப்பிணி. கெலுகோர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். பினாங்குக்கு வந்து ஆறு வருஷமாயிற்று, மலாய் நன்றாகப் பேசுவாள். நானும் அவளும் மலாயில்தான் பேசுவோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வியாழன் அவளைப் பார்த்தபோதே எனக்குப் பயமாக இருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பாதத்தை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. “அடுத்த வாரம் கட்டாயம் வரணும். தலைவலி வந்தா அதுக்கு முன்னாடியே வரணும்,” என்று இரண்டு தடவை சொன்னேன். இப்படி ஏறுகிற அழுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விட்டு, தாயையும் பிள்ளையையும் சேர்த்து வாரிக்கொண்டு போனதை வார்டில் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது, “ருக்கியாவுக்கு வேர்க்குரு மிஸ்ஸி, ராத்திரி தூங்கல,” என்றாள். நெற்றி, கழுத்து எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. காலமைன் என்று ஒரு ரோஸ் நிற மருந்து இருக்கிறதே, அதைப் பஞ்சில் தொட்டுக் கழுத்திலும் முதுகிலும் தடவினேன். குளிர்ச்சிக்குக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கடைசியாக நெற்றி. பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. விரலில் மருந்து இருந்தது.

அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். தொட்டில் பழக்கம் என்பது இதுதான். அவள் முஸ்லிம் குழந்தை என்பது என் தலையில் இல்லை. உடம்பு அரிக்கும் ஒரு குழந்தை, அவ்வளவே. விரல் மேலிருந்து கீழே போனது, பிறகு குறுக்கே போனது.

ஈரமாக இருக்கும்போது அது ஒன்றும் தெரியாது. காய்ந்தால்தான் வெளுக்கும். பஸ்ஸில் காற்றில் காய்ந்து, வீட்டு வாசலில் கூடி நின்ற பெண்களுக்கு முன்னால் குழந்தை இறங்கியபோது, கோயில் கோபுரத்தில் வைத்தது போலத் தெரிந்திருக்கிறது. யாரோ படம் எடுத்தார்கள். நுணல் தன் வாயால் கெட்டது, நான் விரலால் கெட்டேன்.

பிஸ்கட் டின் வேண்டாம்

“மறந்துட்டேன் அண்ணே,” என்றேன்.

“என்னத்த மறந்த?”

“அவ யாரு புள்ளன்னு மறந்துட்டேன்.”

“அதான் தப்பு,” என்றார் காதர் அண்ணன். “உன் புள்ளையா நெனச்சிட்ட. பாசந்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அது நூர் பேகம் புள்ள லா.”

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிதானமாக, எங்கள் ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு சொன்னதுதான் சுட்டது.

அன்று மாலை எங்கள் கோயிலில் ஜெபக் கூட்டத்துக்கு வரும் அம்மா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். செய்தி கடலைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்கே வந்துவிட்டிருந்தது. “சிஸ்டர், மனச விடாதீங்க. ஆண்டவர் உங்க விரல் வழியா விதை போட்டிருக்காரு,” என்றார்.

பொய் சொல்லமாட்டேன். எனக்கு அது இனித்தது. கோயில் வாசலிலிருந்து காடி நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் இனித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இயேசுவைப் பிடிக்கும், அதைச் சொல்ல எனக்கு எந்த வெட்கமும் கிடையாது. பிறகு காடிக் கதவைத் திறக்கும்போது நூர் பேகத்தின் பாதத்தில் என் விரல் பதிந்த குழி ஞாபகம் வந்தது. வாய் கசந்துபோயிற்று. விதை போட்டேனோ இல்லையோ, எட்டு மாதக் கர்ப்பிணியை மருந்தகத்தின் பக்கமே வரவிடாமல் செய்துவிட்டேன். நான்கு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். பாதர் நான் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, “மொதல்ல அந்தப் பொண்ணப் போய்ப் பாருங்க. நானும் வரட்டுமா?” என்றார்.

இதைக் காதர் அண்ணனிடம் போனில் சொன்னேன்.

“வெள்ள அங்கிய போட்டுக்கிட்டு அவரு அந்த மாடி ஏறினா அதையும் படம் எடுப்பாங்க. வேணாம். நானும் வரமாட்டேன். தப்பு பண்ணது நீ, நீ போ. பிரஷர் பாக்குற மெஷின எடுத்துக்க. வேற ஒண்ணும் எடுத்துட்டுப் போகாத.”

“கொஞ்சம் பழம், ஒரு பிஸ்கட் டின்னு...”

“அதத்தான் சொல்றேன். மதம் மாத்த வர்றவங்க கையில எப்பவும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும் தங்கச்சி. வெறுங்கையோட போ.”

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லை எனக்கு. தீவுக்குப் போகும் பாலத்தைக் கடக்கும் வரை மடியில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மூன்றாவது மாடி

மழை பிடித்துக்கொண்ட காலை. என் வீட்டுக்காரர் காடியைக் கீழே நிறுத்திவிட்டு, “லிப்ட் வேலை செய்யாதுன்னு எழுதிப் போட்டிருக்கு. மெதுவா ஏறு,” என்றார்.

பாலத்தில் வரும்போதே நான் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். மருந்து தடவும்போது விரல் இப்படியும் அப்படியும் போயிருக்கும், அது சிலுவை மாதிரி காய்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நம்பக்கூடிய பொய்தான். மூன்று மாடி ஏறும் வரை அதை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டே போனேன்.

கதவைத் திறந்தது நூர் பேகத்தின் கணவர் யூசுப். கட்டட வேலை செய்பவர்; மழையினால் வேலை இல்லை. கதவு நிறைய நின்றார். அவர் காலுக்குப் பின்னாலிருந்து ருக்கியா எட்டிப் பார்த்து, “மிஸ்ஸி!” என்று சிரித்தாள். அவர் கையால் அவளை உள்ளே தள்ளினார்.

“ஏன் போட்டீங்க?” என்றார். வணக்கம் இல்லை, உட்காரச் சொல்லவில்லை.

என் பொய் நாக்கின் நுனி வரை வந்தது. அந்தக் குழந்தையின் சிரிப்பைப் பார்த்த பிறகு அது வெளியே வர மறுத்துவிட்டது.

“நான்தான் போட்டேன். தெரியாமப் பட்டது இல்ல. எனக்குப் பிரியமான எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவேன், பழக்கம். உங்க பிள்ளைக்குப் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க.”

யூசுப் கதவை விட்டு நகரவில்லை. நடைபாதையில் மழைச் சாரல் அடித்து என் முதுகு நனைந்தது.

“மிஸ்ஸி, எங்ககிட்டேருந்து வீட்டை எடுத்துக்கிட்டாங்க. நிலத்தை எடுத்துக்கிட்டாங்க. நீங்க இந்த நாட்டு ஆளுங்களே இல்லன்னு சொன்னாங்க. எங்க கையில மிச்சம் இருக்கிறது தொழுகை ஒண்ணுதான். அதையும் யாராவது மருந்து குடுத்து வாங்கிக்குவாங்களோன்னு பயந்துகிட்டே இருக்கோம்.”

எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் அங்கே அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது நியாயமில்லை.

உள்ளே அறை வாசலில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து நூர் பேகத்தின் குரல் வந்தது.

“மிஸ்ஸி என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா நூர்?”

“மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்.”

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் திருத்தியதில்லை.

மலாயில் ‘போலே’ என்று ஒரு சொல் உண்டு. செய்யலாமா என்று கேட்கவும் அதுதான், செய்யலாம் என்று பதில் சொல்லவும் அதுதான். நான் கருவியைப் பையிலிருந்து எடுத்து அந்தத் திரையைப் பார்த்துக் கேட்டேன். “நூர், பிரஷர் பாக்கணும். போலே?”

பிறகு திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. முகத்தைக் காட்ட இன்னும் மனமில்லை, கையை மட்டும் கொடுத்தாள். யூசுப் வழிவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து அந்தக் கையில் பட்டையைச் சுற்றினேன். விரல்கள் வீங்கி, மோதிரம் சதையில் புதைந்திருந்தது.

அளவு போன வாரத்தைவிட வெகுவாக ஏறியிருந்தது. “தலை வலிக்குதா?”

“ரெண்டு நாளா.”

“யூசுப், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு இல்ல, இப்ப.”

அவர் முகம் இறுகியது. அகதி அட்டையை வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக் கவுண்டரில் நிற்பது அவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை. யார் என்ன கேட்பார்களோ, யாரைக் கூப்பிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு.

“மிஸ்ஸி இப்ப சொல்றது மருத்துவமா, வேற ஏதாவதா? நான் எத வச்சு நம்புறது?” என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. போன வாரம் வரை அவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. அதை உண்டாக்கியது நான். எதன்மேல் சத்தியம் செய்வது? என் வேதத்தின்மேல் செய்தால் அவருக்கு ஆகாது, அவர் வேதத்தின்மேல் செய்ய எனக்கு உரிமை இல்லை.

பையில் கையை விட்டேன். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரிச் சுருள் அகப்பட்டது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே அதைப் பல்லால் கிழித்து, என் வலது கட்டைவிரலைச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு, நான்கு. விரல் பொம்மை மாதிரி ஆகிவிட்டது.

“இந்த விரலுக்கு இன்னையிலேர்ந்து லீவு,” என்றேன். “எப்ப வேலைக்கு வரணும்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. அதுவரைக்கும் அவிழ்க்க மாட்டேன்.”

யூசுப் அந்த விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சம்பளத்தோட லீவா?” என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. திரைக்குப் பின்னாலிருந்துதான் வந்தது, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கும் ஒரு சத்தம். நூர் பேகம் சிரித்ததும் அவருக்கும் உதடு கோணியது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே, “கீழ காடி இருக்கா?” என்று கேட்டார்.

சேவியரின் கண்ணாடி

என் வீட்டுக்காரரைப் பற்றி இந்தத் தொடரில் நான் கொஞ்சம் கிண்டலாகவே எழுதி வருகிறேன் என்று அவருக்கு வருத்தம். ஆகவே இதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

நூர் பேகத்தைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு நாங்கள் வருவதை அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். காடிக்குள் பின்புறம் பார்க்கும் கண்ணாடியில் எப்போதும் ஒரு ஜெபமாலை தொங்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

யூசுப் அதைக் கவனித்திருக்கிறார். முன் இருக்கையில் உட்கார்ந்ததும், “இருக்கட்டும் அங்கிள். இது உங்க காடி,” என்றார்.

“பரவாயில்லையா?”

“பரவாயில்ல. மாட்டுங்க.”

இவர் மறுபடி மாட்டினார். பின் இருக்கையில் ருக்கியாவை மடியில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்தேன். அந்த ஐந்து விநாடியில் அந்த இரண்டு ஆண்களும் முடித்துக்கொண்ட விஷயத்துக்கு எனக்கு மூன்று மாடியும் ஒரு சுருள் பிளாஸ்திரியும் தேவைப்பட்டது.

மருத்துவமனையில் பழைய மிஸ்ஸி என்பதால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்த பெண், “கூட வந்தவர் யார்?” என்று கேட்டபோது, “டிரைவர்,” என்று இவர் பணிவாகச் சொன்னார். உடனே சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அளவு சிறியதுதான், குரல் மட்டும் ஏலம் போடுகிறவன் குரல்.

யூசுப் போனில் சொன்னார். “அம்மாவும் நல்லா இருக்காங்க, பிள்ளையும் நல்லா இருக்கான். விரல் எப்படி இருக்கு?”

“லீவுலதான் இருக்கு,” என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுதேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அடுத்த வியாழன் இரண்டு பெண்கள் வந்தார்கள். மாடிப்படியிலேயே நின்று என் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். பிளாஸ்திரி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பதினோரு மணிக்கு நாற்காலி போதவில்லை. அந்த விரலோடு ரத்த அழுத்தக் கருவியின் பந்தை அமுக்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கீழே காதர் அண்ணன் யாரிடமோ, “எங்க மிஸ்ஸிக்குக் கைவிலங்கு போட்டாச்சு,” என்று சொல்வது கேட்டது.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் பிள்ளைக்குத் தலைமுடி இறக்கிப் பெயர் வைக்க எங்களையும் கூப்பிட்டார்கள். காதர் அண்ணன் ஆட்டிறைச்சியோடு முன்னாலேயே போய்விட்டார், முட்டி வலியோடு மூன்று மாடியும் ஏறி. அந்தச் சின்ன வீட்டில் அவ்வளவு பேர் எப்படி இருந்தார்கள் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. மஞ்சளும் மிளகாயும் போட்ட கறி வாசனை கீழ் வாசல் வரை வந்தது. இவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவதை நான் முறைத்ததால் வைத்துவிட்டார்.

குழந்தைக்கு இப்ராஹிம் என்று பெயர். மொட்டைத் தலையோடு, கோபக்காரக் கிழவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்திருந்தான். நூர் பேகம் ஒரு சின்ன மைச்சிமிழைத் திறந்தாள்.

கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள் என்று வாழ்நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தியவள் நான். வாயைத் திறக்கப் போனேன்.

“கண்ணுக்கு இல்ல மிஸ்ஸி, தெரியும். நெத்தியில மட்டும், கண்ணு படாம இருக்க,” என்றாள். எங்கள் வீடுகளிலும் வைக்கிற அதே கறுப்புப் பொட்டுதான். பிறகு அவள் என் வலது கையைப் பிடித்து இழுத்து, பிளாஸ்திரியின் நுனியைத் தேடினாள்.

“என்ன பண்ற?”

“லீவு முடிஞ்சுது.”

ஒவ்வொரு சுற்றாக அவளே பிரித்தாள். உள்ளிருந்து என் விரல் அவித்த கச்சான் கடலை மாதிரி வெளுத்துச் சுருங்கி வந்தது. குழந்தைகள் ‘ஐயே’ என்றன. நூர் பேகம் அதைத் துணியால் துடைத்து, மைச்சிமிழில் தொட வைத்தாள்.

“நீங்க வைங்க.”

இப்ராஹிமின் நெற்றி எனக்குக் கீழே இருந்தது, ஒரு கைக்குள் அடங்கும் நெற்றி. விரல் தானாகக் கீழே இறங்கி, தானாகக் குறுக்கே போய்விடுமோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மிஸ்ஸி, ஒரு புள்ளி போதும்,” என்றார் யூசுப்.

“வட்டமா,” என்றார் காதர் அண்ணன். “நாங்க எல்லாரும் சாட்சி.”

வைத்தேன். நெற்றியின் ஓரத்தில், வட்டமாக, ஒரே ஒரு கறுப்புப் பொட்டு. வைத்த விரலை உடனே தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். வீடு முழுக்க ஒரே சிரிப்பு. அந்தச் சத்தத்தில் இப்ராஹிம் ஏலம் போட ஆரம்பித்தான்.

நான் ஜெபிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெபித்தேன். இந்தப் பிள்ளை நல்ல மனிதனாக, பயமில்லாமல், தன் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஊரோடு வாழ வேண்டும் என்று என் ஆண்டவரிடம் கேட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. யார் நெற்றியிலும் அதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நூர் பேகம் உதடு அசைய ஏதோ ஓதி, பிள்ளையின் தலையில் மெல்ல ஊதினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இன்னும் ஓதிக்கொண்டே அருகில் வந்தவள், சட்டென்று நின்றுவிட்டாள்.

“மிஸ்ஸி,” என்று தயங்கிக் கேட்டாள். “உங்களுக்கும். போலே?”

அந்த மனுஷி என்னைக் கேட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தேன். “போலே,” என்றேன். வெற்றிலை வாசத்தோடு வெதுவெதுப்பாக ஒரு காற்று என் நெற்றியில் பட்டது.

மறுநாள் காலை இவர் மீன் வாங்கக் கிளம்பினார். காடியில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். நான் வழக்கம்போல ஜன்னலுக்குள் கையை விட்டேன். நெற்றிக்கு அருகே போன கை நின்றது.

“என்னங்க, போலே?” என்றேன்.

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“கேக்குறேன்ல. சொல்லுங்க.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்காமலே போட்டுட்டு...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். காடியை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

“போலே லா,” என்றார்.

அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.